பன்னீர்க்குட நீரும் நொதியங்களின் வாரக்கணக்கும்

பிள்ளைப்பேறு நெருங்கிய வீட்டில் மூத்தவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "பன்னீர்க்குடம் உடைந்துவிட்டதா?" என்பதாகும். அக்கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தவுடன் வீடு முழுவதும் பரபரப்படையும். ஆயினும் அந்த நீரைப்பற்றி எவரும் அதிகம் சிந்திப்பதில்லை. சிசுவை அதிர்ச்சியிலிருந்து காத்த நீர், தன் கடமை முடிந்ததும் நிலத்திற் சிந்தித் துடைக்கப்பட்டுவிடும். பல்லாயிரம் ஆண்டுகளாக அதற்கு அவ்வளவே மதிப்பு இருந்தது.

கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் அந்நிலை மாறியது. தாயின் வயிற்றினூடாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, அந்நீரிற் சிறிதளவை எடுத்து, சிசுவின் உடல்நிலையை அறியும் முறை உலகெங்கும் பரவியது. அம்னியோசென்ரசிஸ் என வைத்தியர்கள் அழைக்கும் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள விருப்பமா என்று, புலம்பெயர்ந்த நாடுகளின் வைத்தியசாலைகளில் எமது பெண்களிடமும் கேட்கப்படுகின்றது. அந்நிய மொழியில், சில நிமிட நேரத்தில், கணவரோ உறவினரோ அரைகுறையாக மொழிபெயர்க்க, ஆம் அல்லது இல்லை எனப் பதில் கூறவேண்டிய நிலை ஏற்படுகின்றது.

இந்நீரிலுள்ள நொதியங்களின் அளவு கர்ப்பகாலத்தில் எவ்வாறு ஏறி இறங்குகின்றது என்பதை இக்கட்டுரையில் நாம் நோக்குவோம். இது ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரிய விடயம் என எண்ணிவிடலாகாது. ஒரே அளவு, ஒரு வாரத்தில் நலத்தின் அடையாளமாகவும் வேறொரு வாரத்தில் நோயின் அடையாளமாகவும் கொள்ளப்படுகின்றது. ஆகவே வாரக்கணக்குப் பிழைத்தால் பெறுபேற்றின் பொருளும் பிழைத்துவிடும். அவ்வாறு பிழைத்த பொருளை நம்பி ஒரு குடும்பம் ஓர் உயிரைப்பற்றித் தீர்மானம் எடுக்கவும் நேரலாம்.

நீர் எங்கிருந்து வருகின்றது?

கர்ப்பத்தின் 10ஆம் வாரத்தில் பன்னீர்க்குடத்தில் ஏறத்தாழ 30 மில்லி லீற்றர் நீரே இருக்கும். 16ஆம் வாரமளவில் அது 200 மில்லி லீற்றரை எட்டும். 33, 34ஆம் வாரங்களில் ஏறத்தாழ 800 மில்லி லீற்றராக உச்சம் அடைந்து, பிரசவம் நெருங்க நெருங்கச் சற்றுக் குறையும்.

அளவைப் போலவே நீரின் ஊற்றும் காலத்துக்குக் காலம் மாறுகின்றது. ஆரம்ப வாரங்களில் சிசுவின் தோல் இன்னும் கடினப்படாதிருப்பதால், அதனூடாகவும் சுற்றியுள்ள சவ்வுகளினூடாகவும் குருதியின் நீர்ப்பகுதி கசிந்து பன்னீர்க்குடத்தை நிரப்புகின்றது. பின்னர் சிசுவின் சிறுநீரே இந்நீரின் பெரும்பகுதியாகின்றது. நுரையீரலிலிருந்து வெளிவரும் நீரும் அதனுடன் சேர்கின்றது. அதே வேளையில் சிசு இந்நீரை விழுங்கிக்கொண்டும் இருக்கின்றது. நிறைமாதத்தில் அது நாளொன்றுக்கு அரை லீற்றருக்கும் அதிகமாக விழுங்குகின்றது. பன்னீர்க்குட நீர் ஓயாது வந்தும் போய்க்கொண்டும் இருக்கும் நீரோட்டம் என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். சிசுவின் தோல், சிறுநீரகம், நுரையீரல், குடல் ஆகிய யாவும் அந்நீரில் தத்தம் தடயங்களை விட்டுச் செல்கின்றன. அத்தடயங்களுள் முக்கியமானவை நொதியங்கள்.

நொதியங்கள் என்பவை உடலின் இரசாயன வேலைகளை விரைவுபடுத்தும் புரதங்களாகும். ஆங்கிலத்தில் இவற்றை என்சைம் என்பர். நாம் உண்ணும் சோற்றின் மாப்பொருளைச் சீனியாக உடைப்பதும், இறைச்சியின் புரதத்தைக் கரைப்பதும் இவையே. ஒவ்வொரு நொதியமும் ஒரு குறித்த வேலையையே செய்யும். அதனால், ஒரு நொதியத்தைக் கண்டால் அது எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

குடல் நொதியங்களின் ஏற்றமும் இறக்கமும்

சிசுவின் சிறுகுடலின் உட்சுவரில் நுண்ணிய விரல்கள் போன்ற மடிப்புகள் உள்ளன. அவற்றின் விளிம்பிலே காமா குளூட்டமைல் ட்ரான்ஸ்பெரேஸ், அமினோபெப்ரிடேஸ், குடல்சார்ந்த அல்கலைன் பொஸ்பற்றேஸ், சீனிவகைகளை உடைக்கும் மோல்ற்றேஸ், சுக்ரேஸ் முதலிய நொதியங்கள் தங்கியிருக்கின்றன. காமா ஜீ.ரீ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் முதலாவது நொதியம் ஈரலிலிருந்தும் பித்தத்தோடு கலந்து குடலுக்கு வருகின்றது.

ஏறத்தாழ 12, 13ஆம் வாரத்தின் பின்னர் குடலின் உள்ளடக்கம் பின்வழியாகப் பன்னீர்க்குட நீரினுட் செல்லத் தொடங்குகின்றது. அதனுடன் இந்நொதியங்களும் வெளியேறுகின்றன. 14ஆம் வாரத்துக்கும் 17ஆம் வாரத்துக்கும் இடையில் நீரில் இவற்றின் அளவு உச்சத்தை அடைகின்றது. அதன் பின்னர் வாரத்துக்கு வாரம் விரைவாகக் குறைந்து, 22ஆம் வாரமளவில் மிகச் சொற்ப அளவே எஞ்சுகின்றது.

இவ்வீழ்ச்சிக்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம் எளிமையானது. மலவாயைச் சுற்றியுள்ள சுருக்குத் தசை இக்காலத்தில் முதிர்ச்சியடைகின்றது. குடலின் உள்ளடக்கமும் கெட்டியாகி, பிறந்த குழந்தையின் முதல் மலமான கருமலமாக மாறி உள்ளேயே தங்குகின்றது. முன்னர் வெளிவந்த நொதியங்களையோ சிசு நீரோடு மீண்டும் விழுங்கி அகற்றிவிடுகின்றது. எனவே 22ஆம் வாரத்தில் இந்நொதியங்கள் குறைவாகக் காணப்படுவது ஒழுங்கான வளர்ச்சியின் அடையாளமாகும். அதே குறைவு 17ஆம் வாரத்திற் காணப்பட்டால், குடலில் ஏதோ தடை இருக்கலாமோ என்ற ஐயம் எழுகின்றது.

எடின்பரோவிலும் பாரிஸிலும்

இந்த ஐயமே 1980களில் ஐரோப்பாவில் ஒரு புதிய பரிசோதனைக்கு வழிவகுத்தது. சிஸ்ரிக் பைப்ரோசிஸ் என்பது ஐரோப்பிய மக்களிடையே அதிகமாகக் காணப்படும் பரம்பரை நோய். பிரான்சில் இதனை முக்கோவிசிடோஸ் என்பர். நுரையீரலிலும் சதையியிலும் குடலிலும் சுரக்கும் நீர்மங்கள் பசைபோலத் தடித்துவிடுவதே இந்நோயின் இயல்பு. தாயும் தந்தையும் தாம் நோயற்றவர்களாக இருந்துகொண்டே குறைபாடுள்ள மரபணுவைத் தாங்கியிருப்பர். அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். அக்காலத்தில் இந்நோயுடன் பிறந்தவர்களுட் பலர் இளவயதைக் கடக்கவில்லை. ஒரு பிள்ளையை இழந்த பெற்றோர் மீண்டும் கருவுறும்போது அடைந்த அச்சத்தை நாம் விளக்கவேண்டியதில்லை.

நோய்க்குரிய மரபணு எதுவென்று அப்போது அறியப்பட்டிருக்கவில்லை. ஆனால் நோயுள்ள சிசுவின் குடலில் கருமலம் முன்கூட்டியே பசைபோலத் தடித்து அடைத்துக்கொள்வதால், குடல் நொதியங்கள் பன்னீர்க்குட நீரை வந்தடைவதில்லை. ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் டேவிட் புறொக் தலைமையிலான குழுவினர் இவ்வடிப்படையில் 1983இல் தமது முறையை வெளியிட்டனர். பாரிஸ் நகரில் அந்த்ரே புவே, பிரான்சுவாஸ் முல்லேர் ஆகியோரின் குழுவினர், நான்கில் ஒன்று என்ற ஆபத்துள்ள 200 கர்ப்பங்களின் பெறுபேறுகளை 1986இல் வெளியிட்டனர். 17, 18ஆம் வாரங்களே நீர் எடுப்பதற்கு ஏற்ற காலமெனக் கொள்ளப்பட்டன. அதற்குப் பிந்தினால் நலமான சிசுவின் நொதிய அளவும் தாழ்ந்துவிடும். அந்நிலையில் நோயுள்ள சிசுவையும் நோயற்ற சிசுவையும் வேறுபடுத்தி அறிய இயலாது.

இப்பரிசோதனை குறையற்றதாக இருக்கவில்லை. நூற்றுக்குச் சில வீதமான பெறுபேறுகள் தவறாக அமைந்தன. டவுண் நோய்நிலை போன்ற வேறு காரணங்களாலும் நொதியங்கள் குறைவதுண்டு. எவ்விதக் காரணமும் இன்றி நலமான சிசுவிலும் அளவு தாழ்ந்திருப்பதுண்டு. நோயுள்ள சிசுவில் அளவு சாதாரணமாகத் தோன்றுவதும் உண்டு. அப்பெறுபேறுகளை நம்பிக் கர்ப்பத்தைத் தொடர்ந்த குடும்பங்களும் நிறுத்திய குடும்பங்களும் இருந்தன. ஒரு சோதனைக் குழாயின் நிறமாற்றத்தில் அவர்களது வாழ்வு தங்கியிருந்தது என்றால் மிகையாகாது.

1989இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் லப்-சீ சுயி, ஜோன் றியோர்டன் ஆகியோரும், அமெரிக்காவில் பிரான்சிஸ் கொலின்ஸ் குழுவினரும் இணைந்து அந்நோயின் மரபணுவைக் கண்டறிந்தனர். அதன்பின் நொதிய அளவைக்கொண்டு நோயை ஊகிக்கவேண்டிய தேவை பெரிதும் நீங்கியது. இன்று பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கப்படும் இரத்தத்துளியிலேயே இந்நோய் தேடப்படுகின்றது. அதிற் பார்க்கப்படுவதும் ஒரு நொதியத்தின் முன்வடிவமே. சதையியில் உருவாகும் திரிப்சினோஜன் என்ற அப்பொருள் நோயுள்ள குழந்தையின் இரத்தத்தில் மிகுந்து காணப்படும். இச்சோதனை பிரான்சில் 2002இலும், பிரித்தானியா முழுவதும் 2007இலும், சுவிற்சர்லாந்தில் 2011இலும், ஜேர்மனியில் 2016இலும் நாடளாவிய வழக்கமானது. 2019இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மூன்று மருந்துகளின் கூட்டுச் சிகிச்சை, நோயாளர் பலரின் ஆயுளையும் வாழ்வையும் மாற்றி அமைத்துள்ளது. ஒரு நோயைப்பற்றி இன்று எடுக்கப்படும் தீர்மானம் இருபது ஆண்டுகளின் பின் எவ்வாறு தோன்றும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய முடியாது என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

ஏறுகின்ற நொதியங்கள்

எல்லா நொதியங்களும் குடல் நொதியங்களைப் போல நடுவழியில் உச்சம் தொட்டு இறங்குவதில்லை. மாப்பொருளை உடைக்கும் அமைலேஸ், கர்ப்பம் முதிர முதிர நீரில் அதிகரிக்கின்றது. சிசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சதையியும் வேலைக்கு ஆயத்தமாவதை இது காட்டுகின்றது. கிருமிகளின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதியமும் பிரசவத்தை நோக்கி அதிகரிக்கின்றது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1922இல் மூக்குச்சளியில் கண்டு அறிவித்த அதே பொருள்தான் இது. நமது கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் இது உண்டு. வெளியுலகின் கிருமிகளைச் சந்திக்கும் நாள் நெருங்கும்போது சிசுவைச் சூழ்ந்த நீரும் தன் காவலைப் பெருக்கிக்கொள்கின்றது.

வேறு சில நொதியங்கள் நீரில் இருக்கவே கூடாதவை. நரம்பு இழையங்களில் நிறைந்துள்ள அசெற்றைல்கோலினெஸ்ரரேஸ் அவற்றுள் ஒன்று. சிசுவின் முதுகெலும்பு மூடாது பிளந்திருந்தால் இந்நொதியம் அவ்வழியே கசிந்து நீரிற் கலக்கும். 1972இல் எடின்பரோவில் அல்பா பீற்றோபுரோட்டீன் என்ற புரதத்தைக்கொண்டு இக்குறைபாட்டை அறியும் முறை வெளிவந்தது. 1979இல் இந்நொதியச் சோதனை அதற்குத் துணையாக வந்து சேர்ந்தது. ஆனால் 13ஆம் வாரத்துக்கு முன் எடுக்கப்படும் நீரில், நலமான சிசுவிலும் இது மெல்லியதாகத் தென்படுவதுண்டு. இங்கும் வாரக்கணக்கே பொருளைத் தீர்மானிக்கின்றது.

இக்குறைபாட்டைத் தடுக்கும் வழியும் உண்டு. ஏற்கனவே இக்குறைபாடுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார், கருவுறும் முன்னரே போலிக் அமிலத்தை உயர்ந்த அளவில் உட்கொண்டால் மீண்டும் அது ஏற்படும் வாய்ப்பு 72 வீதத்தாற் குறையும் என, ஏழு நாடுகளில் நடைபெற்று 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. ஏனைய பெண்கள் கருவுற எண்ணும்போதே நாளொன்றுக்கு 400 மைக்கிறோகிராம் எடுக்கத் தொடங்கி 12ஆம் வாரம்வரை தொடர்வது நன்று. சிசுவின் முதுகெலும்புக் குழாய் கருவுற்று நான்கு வாரங்களுள் மூடிவிடுவதால், மாதவிடாய் தவறியபின் தொடங்குவது பெரும்பாலும் காலங்கடந்ததாகிவிடும்.

இல்லாத நொதியங்களும் சொந்தத் திருமணமும்

சில பரம்பரை நோய்களில் ஒரு குறித்த நொதியம் பிறவியிலேயே இல்லாதிருக்கும். ரே-சாக்ஸ் என்ற நோய் இதற்கு நன்கறியப்பட்ட உதாரணமாகும். மூளையிற் சேரும் கொழுப்பொன்றை உடைக்கும் நொதியம் இல்லாமையே அதற்குக் காரணம் என 1969இல் அறியப்பட்டது. விரைவிலேயே பன்னீர்க்குட நீரில் மிதக்கும் சிசுவின் கலங்களைக்கொண்டு நோயை முன்கூட்டி அறியும் வழி பிறந்தது. கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூத மக்களிடையே இந்நோய் அதிகமாக இருந்தது. 1971இல் அமெரிக்காவின் போல்ற்றிமோர் பகுதியில் அவர்கள் தாமாகவே முன்வந்து இரத்தப் பரிசோதனை செய்யத் தொடங்கினர். காலப்போக்கில் வட அமெரிக்க யூத சமூகத்தில் இந்நோயுடன் பிறப்போர் தொகை பத்தில் ஒன்றிலும் குறைவாகியது.

எமது சமூகத்துக்கும் இதிற் பாடம் உண்டு. மச்சான், மச்சாள் உறவில் மணம்முடிப்பது எம்மிடையே பழைய வழக்கம். ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து குறைபாடுள்ள ஒரே மரபணு இருவருக்கும் வந்து சேர்ந்திருக்க வாய்ப்பு இருப்பதால், நொதியக் குறைபாட்டு நோய்கள் இத்தகைய குடும்பங்களிற் சற்று அதிகமாகத் தோன்றுகின்றன. பொதுவாக நூறு குழந்தைகளுள் இரண்டு அல்லது மூன்று பிறவிக் குறைபாட்டுடன் பிறக்கின்றன. நேரடி மச்சான் மச்சாள் மணத்தில் அத்தொகை ஏறத்தாழ இரு மடங்காகின்றது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஆகவே இதிற் பழிக்கவோ மறைக்கவோ எதுவுமில்லை. வைத்தியர் கேட்கும்போது உறவுமுறையை உள்ளபடி கூறிவிடுவதே முறையாகும்.

ஊரில் காரணம் அறியப்படாது இறந்த குழந்தை ஒன்று குடும்பத்தில் இருந்திருந்தால் அதனையும் கூறவேண்டும். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் வைத்தியத் துண்டுகள் யாவும் தொலைந்துபோன குடும்பங்கள் எம்மிடையே ஏராளம். எத்தனை மாதத்தில் கழுத்து நின்றது, வலிப்பு வந்ததா, வயிறு வீங்கியதா என்று தாய் நினைவிலிருந்து கூறும் விபரங்களே, எந்த நொதியத்தைத் தேடுவது என்பதை வைத்தியருக்கு உணர்த்தக்கூடும்.

இன்றும் எஞ்சியுள்ள பயன்

குடல் நொதியப் பரிசோதனை முற்றாக மறைந்துவிடவில்லை. ஸ்கான் பரிசோதனையில் சிசுவின் பித்தப்பை தென்படாதபோது, பிரான்ஸ் முதலிய நாடுகளில் காமா ஜீ.ரீ. அளவு இன்றும் பார்க்கப்படுகின்றது. பெரும்பாலான சிசுக்களில் பித்தப்பை பின்னர் தானாகவே தென்பட்டுவிடும். சிலவற்றில் மட்டும் பித்தக்கான் அடைபட்டிருக்கலாம். அப்போது பித்தம் குடலை அடையாது, நீரில் நொதிய அளவும் தாழ்ந்திருக்கும். குடல் மேற்பகுதியில் அடைபட்டிருந்தால் இதற்கு நேர்மாறாக, சிசு பித்தத்தை வாய்வழியே கக்குவதால் அளவு உயர்ந்துவிடும். ஆனால் 22ஆம் வாரத்தின் பின் தாழ்ந்த அளவைக்கொண்டு எம்முடிவுக்கும் வரமுடியாது.

பித்தக்கான் அடைப்பு பெரும்பாலும் பிறந்தபின்னரே தெரியவருகின்றது. ஜப்பானிய வைத்தியர் மொரியோ கசாய் 1959இல் வெளியிட்ட சத்திரசிகிச்சை முறை, பிறந்து இரண்டு மாதங்களுள் செய்யப்பட்டால் நற்பலன் தரும் வாய்ப்பு அதிகம். இரண்டு வாரங்களின் பின்னும் குழந்தையின் கண் மஞ்சளாக இருந்தாலோ, மலம் வெளிறி வெண்களிபோல் இருந்தாலோ, வெயிலிற் காட்டினால் மாறிவிடும் என்று காத்திராது உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நாட்கணக்கும் பெற்றோரின் உரிமையும்

பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்பது எமது வழக்கு. இங்குள்ள வைத்தியர்கள் ஒன்பது மாதம் என்கின்றனர். 28 நாட்கள் கொண்ட பத்து மாதங்கள் 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் என்பதை உணர்ந்தால் இரண்டும் முரண்படவில்லை என்பது விளங்கும். ஆனால் இக்கணக்கு இறுதி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகின்றது. கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால் இரண்டு வாரங்கள் குறையும். 16ஆம் வாரம் என எழுதப்பட்டிருக்கும்போது சிசுவின் உண்மை வயது ஏறத்தாழ 14 வாரங்களே. நொதியங்கள் வாரத்துக்கு வாரம் மாறும் காலத்தில் இந்த இரு வார வேறுபாடு பெறுபேற்றையே புரட்டிவிடப் போதுமானது. இறுதி மாதவிடாய் நாள் நிச்சயமில்லை என்றால் ஓர் உத்தேச நாளைச் சொல்லாமல், நிச்சயமில்லை என்றே கூறவேண்டும். 11ஆம் வாரத்துக்கும் 14ஆம் வாரத்துக்கும் இடையில் எடுக்கப்படும் ஸ்கான், சிசுவின் நீளத்தைக்கொண்டு நாளைச் சரிசெய்துவிடும். அந்தச் சந்திப்பைத் தவறவிடாதிருப்பது அவசியம்.

நீர் எடுக்கும் பரிசோதனை பொதுவாக 15ஆம் வாரத்தின் பின்னரே செய்யப்படுகின்றது. ஸ்கான் படத்தைப் பார்த்தபடி 15 முதல் 20 மில்லி லீற்றர் வரை எடுக்கப்படும். இதனாற் கரு கலையும் ஆபத்து முன்னர் நூற்றுக்கு ஒன்று எனக் கூறப்பட்டது. அனுபவமுள்ளவர்கள் செய்யும்போது அது இருநூறுக்கு ஒன்றிலும் குறைவு என இப்போது மதிப்பிடப்படுகின்றது. தாயின் இரத்தவகை றீசஸ் எதிர்மறையானால் அதற்குரிய ஊசியும் போடப்படலாம்.

இப்பரிசோதனையை ஏற்கவும் மறுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. எதைத் தேடுகின்றீர்கள், இப்பெறுபேறு எத்தனை வீதம் பிழைக்கக்கூடும், எந்த வாரக்கணக்கைக்கொண்டு அளவிடுகின்றீர்கள், பிழையெனத் தோன்றினால் அடுத்த சோதனை என்ன என்ற நான்கு கேள்விகளைக் கையெழுத்திடும் முன் கேட்பது நன்று. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைத் தாய்க்கு மொழிபெயர்ப்பாளராக அமர்த்தக் கூடாது. தம்பியோ தங்கையோ இருக்குமா என்பதைப்பற்றிய பேச்சு ஒரு பத்து வயதுப் பிள்ளையின் நாவில் ஏற்றக்கூடிய சுமையன்று. பல வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறமுடியும். சந்திப்பு நாளைக் குறிக்கும்போதே அதனைக் கேட்டுவைத்துக்கொள்வோமாக.